இரண்டு வரி கீழே

அவர் என்னை யாருக்காவது அறிமுகம் செய்துவைத்தால் முதலில் என் குற்றத்தைத்தான் சொல்வார்.

“நம்ம பக்கத்தூட்டு அம்மணிங்க. ஒரு சொல்லுப் பொறுக்காது, சுருக்குனு கோவம் வந்துரும். கையில பொஸ்தகம் இருந்தா அடுப்புல சோறு தீயறதுகூடத் தெரியாது. மத்தபடி தங்கமுங்க.”

பஸ் ஸ்டாப்பில் பத்துப் பேர் நிற்கும்போது இப்படிச் சொல்வார். அப்போது நான் கோயமுத்தூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் மனையியல் படித்துக்கொண்டிருந்தேன். காதெல்லாம் சூடாகிவிடும். அந்தச் சூட்டைக் காட்டி, “பாத்தீங்களா, நாஞ் சொல்லல?” என்று அதற்கும் ஒரு சாட்சி சேர்த்துக்கொள்வார்.

அவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், பொள்ளாச்சி சந்தையில் மாட்டுத் தரகர். நாற்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளை வேட்டி, அரைக்கை வெள்ளைச் சட்டை, இடது தோளில் ஒரு பச்சைக்கரைத் துண்டு. எங்கள் ஊரிலிருந்து பொள்ளாச்சிக்குக் காலையில் ஒரே டவுன் பஸ்தான். சந்தை நாட்களில் அவரும் நானும் அதில் போவோம். பொள்ளாச்சியில் இறங்கி அவர் மாடுகளைப் பார்க்கப் போவார், நான் கோயமுத்தூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவேன்.

அவரை நான் ‘அண்ணா’ என்று கூப்பிடுவேன். அவர் என்னை நீ, வா, போ என்றுதான் பேசுவார். எங்கள் பக்கத்தில் நாய்க்குட்டிக்குக்கூட ‘ங்க’ போடுவார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வதுண்டு. அந்த ஊரில் ஒருவர் ‘ங்க’ போடாமல் பேசினால் அது உரிமை. “ஏன் அம்மணி, சாப்பிட்டயா? இன்னிக்குப் பரிச்சையா?” என்று அவர் கேட்பதில் அந்த உரிமை இருந்தது. அப்போது எனக்கு அதன் விலை தெரியவில்லை.

ஒருமுறை என் அப்பா மாடு வாங்கப் போனபோது நானும் போயிருந்தேன். கறவை மாடு, இரண்டாவது ஈத்து, பார்க்க லட்சணமாக இருந்தது. அப்பாவுக்குப் பிடித்துவிட்டது. தரகர் மாட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தார், மடியைத் தடவினார், ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். மாட்டுக்காரன் பக்கத்திலேயே நிற்கிறான். அவனை வைத்துக்கொண்டே சொன்னார்:

“வலது பின்னங்காலுப் பக்கம் ஆளு போனா ஒதைக்குமுங்க. பொம்பளைங்க கறக்கறதுன்னா எடது பக்கமே உக்காரோணும். புண்ணாக்கு நாலு நாளைக்கு மாறுனா மூஞ்சியத் திருப்பிக்கும். மத்தபடி பாலுக்கு நான் பொறுப்புங்க.”

மாட்டுக்காரன் முகம் செத்துவிட்டது. ஆனால் வியாபாரம் முடிந்தது. அந்த மாடு எங்கள் வீட்டில் ஒன்பது வருஷம் இருந்தது. வலது பக்கம் போன எல்லோரையும் உதைத்தது.

அதே நாளில் வேறொன்றையும் பார்த்தேன். தெரிந்த ஆள் ஒருவர் வேறு ஒரு மாட்டைக் காட்டி, “இது எப்படீங்க?” என்று அவரைக் கேட்டார். இவர் ஒரு பார்வை பார்த்தார். “நல்ல மாடுங்க” என்றார். இடது தோளில் கிடந்த துண்டை எடுத்து ஓர் உதறு உதறி வலது தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். “அந்த மாட்டுக்குக் குத்தமே இல்லீங்களாண்ணா?”

“குத்தமில்லாத மாடு எதுக்கு அம்மணி சந்தைக்கு வருது?” என்றார். “நாம நின்னு முடிக்கற உருப்படிக்குத்தான் குத்தஞ் சொல்லோணும். அது நம்ம பொறுப்பு. நமக்கு வேண்டான்னு உட்டதுக்கு நல்ல மாடுன்னு சொல்லிப்போட்டுப் போயிர வேண்டீதுதான்.”

இந்தப் பழக்கம் ஊருக்கே தெரியும். பெண், மாப்பிள்ளை விசாரிக்க வருகிறவர்கள் கோயில் பூசாரியைக் கேட்கிறார்களோ இல்லையோ, இவரைக் கேட்பார்கள். ஒரு மாப்பிள்ளையைப் பற்றி, “அந்தியானா தண்ணி போடுவானுங்க. ஒரு குவார்ட்டரு, அதுக்கு மேல இல்ல. மத்தபடி நல்ல ஒழைப்பாளிங்க” என்று அவர் சொல்லி, அதற்கப்புறமும் அந்தக் கல்யாணம் நடந்தது. தெரிந்த குற்றத்தோடு குடித்தனம் பண்ணிவிடலாம் என்று பெண் வீட்டார் நினைத்திருக்க வேண்டும்.

அவருக்கு ஒரே பெண். பாப்பா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம், அப்போது எட்டு வயது. மாட்டுத் தரகர் வீட்டுப் பெண்ணுக்குப் பால் ஆகாது. வேடிக்கைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே ஆகாது. பால் பட்டால் வாயோரம் தடித்துவிடும். தயிர், மோர், நெய் எது உள்ளே போனாலும் வாந்தி. குழந்தையாக இருந்தபோதே டாக்டர் சொல்லிவிட்டார்: பாலை மறந்துவிடுங்கள், அதற்கு ஈடாக ராகி, எள், கீரை, முட்டை, பருப்பு என்று விடாமல் கொடுங்கள். அப்படித்தான் கொடுத்தார்கள். தினமும் காலையில் அந்த வீட்டில் ராகிக்களியை வைத்து ஒரு யுத்தம் நடக்கும். அது எங்கள் வீட்டுச் சமையலறை வரை கேட்கும்.

பாப்பா பள்ளிக்கூடத்தில் ஒரு பெண் பிறந்தநாளுக்கு டின் சீஸைத் துண்டு போட்டுக் கொண்டுவந்திருக்கிறாள். எல்லோரும் தின்றார்கள். இவளும் தின்றாள். மத்தியானமே முகம் வீங்கி வீட்டுக்கு வந்தாள். வீக்கம் இரண்டு நாளில் வடிந்துவிட்டது. “எனக்கு மட்டும் ஏன் ஆகாது?” என்ற அழுகைதான் வடியவில்லை.

அதற்கப்புறம் அவர் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். கோயமுத்தூர் பேக்கரி ஒன்றில் என்னையும் கூட்டிக்கொண்டுபோய் உட்கார்ந்து ஒரு சீஸ் துண்டு வாங்கினார். மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

“உப்பு. புளிப்பு. அப்புறம், பழைய சோத்து நீச்சத்தண்ணி வாசம் கொஞ்சம். அவ்வளவுதானே அம்மணி? செஞ்சுபோடலாம்.”

வீட்டில் பத்துத் தென்னை மரம் இருக்கிறது. தேங்காய்ப் பாலைக் கெட்டியாகப் பிழிந்தார். உறைவதற்குக் கடல்பாசி போடலாம் என்று நான்தான் சொன்னேன், எங்கள் செய்முறை வகுப்பில் புட்டிங்குக்குப் போடுவோம். இழுவைக்கு மரவள்ளிக்கிழங்கு மாவு. புளிப்புக்கு நீச்சத்தண்ணீர். நிறத்துக்கு மஞ்சள் தூள் ஒரு சிட்டிகை. முதல் மூன்று தடவை பசை மாதிரி வந்தது. நான்காவது தடவை பிஸ்கட் டின்னிலிருந்து கவிழ்த்தபோது கட்டியாக, மஞ்சளாக, மினுமினுப்பாக நின்றது. கத்தி போட்டால் வில்லை வில்லையாக வந்தது. தோசைக்கல்லில் ரொட்டி மேல் வைத்தால் உருகியது. பிழிந்த சக்கையை அவர் மனைவி அள்ளிக்கொண்டுபோய்க் கன்றுக்குட்டிக்குப் போட்டார்.

பாப்பா தின்றாள். முகம் வீங்கவில்லை. அன்று அவர் முகத்தில் இருந்த பெருமை அவர் விற்றுக்கொடுத்த எந்த மாட்டுக்கும் வந்திருக்காது.

“அம்மணி, நீ இதுக்குத்தானே படிக்கற? இதுல என்ன குத்தம்னு பாத்துச் சொல்லு” என்றார்.

அவர் கேட்டது அது ஒன்றுதான்.

எனக்கு அப்போது மூன்றாம் வருஷம். கல்லூரியில் சத்துணவுக் கண்காட்சி வைத்தார்கள். மற்றவர்கள் எல்லாம் முளைகட்டிய பயறு, கேரட் அல்வா என்று எழுதிக்கொடுத்தபோது நான் ‘தேங்காய்ச் சீஸ்’ என்று எழுதினேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. பால் சீஸையும் தேங்காய்ச் சீஸையும் சத்துச் சத்தாக ஒப்பிட்டு ஒரு பெரிய அட்டவணை போட வேண்டும். எந்த உணவில் என்ன சத்து எவ்வளவு என்று சொல்லும் தடித்த புத்தகம் நூலகத்தில் இருந்தது. ஸ்கேலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன்.

இதை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. அந்தப் பக்கத்தில் கொப்பரைக்கு ஒரு வரி இருந்தது. இரண்டு வரி கீழே தேங்காய்ப் பாலுக்கு ஒரு வரி இருந்தது. கொப்பரை காய்ந்தது, தண்ணீர் வற்றியது. அதனால் அதில் எல்லாமே கூடுதலாகத் தெரியும், சுண்ணாம்புச் சத்து உட்பட. தேங்காய்ப் பால் வரியில் கொழுப்பைத் தவிரச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. எங்கள் சீஸ் தேங்காய்ப் பாலில் செய்தது. அதிலும் தண்ணீரும் கிழங்கு மாவும் கலந்தது. எந்த வரியை எழுத வேண்டும் என்று மனையியல் படிக்கிறவளுக்குத் தெரியாதா? ஸ்கேலை இரண்டு வரி இறக்கினேன், பார்த்தேன், மறுபடி மேலே ஏற்றிக்கொண்டேன். கொப்பரையின் கணக்கை எழுதினேன்.

புரதத்தில் மட்டும் கொப்பரையை வைத்தும் பால் சீஸிடம் நெருங்க முடியவில்லை. அந்த வரியையே விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக நார்ச்சத்து, இரும்புச்சத்து, கொலஸ்டிரால் இல்லை என்று தேங்காய் ஜெயிக்கிற வரிகளாகப் பொறுக்கி நிரப்பினேன். மேலே சிவப்பு மையில், ‘பால் சீஸுக்கு நிகர்! பால் இல்லாமலே!’ என்று எழுதினேன். அதையே சின்னதாக அச்சடித்து வருகிறவர்களுக்குக் கொடுத்தோம். முதல் பரிசு எனக்கு. எவர்சில்வர் டிபன் பாக்ஸ்.

அவர் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு கண்காட்சிக்கு வந்திருந்தார். சலவை வேட்டி. அட்டவணைக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்:

“இதுல குத்தத்தோட வரி எது அம்மணி?”

பக்கத்தில் பேராசிரியை நிற்கிறார், தோழிகள் நிற்கிறார்கள்.

“இதுல குத்தமே இல்லீங்ணா” என்றேன்.

அவர் ஒரு கணம் என்னையே பார்த்தார். சந்தையில் வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் துண்டை உதறிக்கொண்டு போயிருப்பார். ஆனால் சொன்னது நான். “படிச்ச புள்ள சொன்னாச் செரி” என்று ஒரு தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அந்தத் தாளுக்கு ஒரு பிளாஸ்டிக் உறைகூடப் போட்டார் என்று பின்னால் தெரிந்தது.

அடுத்த மாதத்திலிருந்து பக்கத்து வீட்டில் ராகிக்களி யுத்தம் கேட்கவில்லை. பாப்பா சாமர்த்தியக்காரி. “அக்கா எழுதிருக்காங்கல்ல, இதுலயே எல்லாஞ் சத்தும் இருக்குது. அப்புறம் எதுக்குக் களி?” என்று அந்தத் தாளைக் காட்டியே ஜெயித்துவிட்டாள். களி போனது, எள்ளுருண்டை போனது, முட்டையும் கீரையும் பருப்பும் போயின. காலையில் சீஸ் ரொட்டி, மாலையில் சீஸ் ரொட்டி, அதுவே வயிற்றை நிரப்பிவிடும். கன்னம் உப்பி, குண்டாகத்தான் இருந்தாள். எனக்கு அது தெரியும். தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒருநாள் அவர் மனைவி, “ஏன் அம்மணி, களியை நிறுத்திப்போட்டமே, பரவால்லயா?” என்று வேலி ஓரமாக நின்று கேட்டார். ‘இல்லீங்க, களியும் குடுங்க’ என்று சொல்ல மூன்று வார்த்தை போதும். சொன்னால், பின்னே ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்பாரே! “பரவால்லீங்கக்கா” என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

ஒன்றரை வருஷம் ஓடியது. நான் படிப்பு முடித்து வீட்டில் இருந்தேன். பாப்பா கால் வலிக்கிறது, கால் வலிக்கிறது என்பாள். வளர்கிற வயசு என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தவள் ஒற்றைக்காலில் தடுக்கிக் கையை ஊன்றி விழுந்தாள். குழந்தைகள் தினம் பத்துத் தடவை விழுகிற விழுகைதான். முன்கை எலும்பு இரண்டும் முறிந்துவிட்டது.

பொள்ளாச்சியில் ஓர் எலும்பு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். படித்தவள் என்று பாப்பாவின் அப்பா என்னையும் கூட வரச் சொன்னார். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

“இந்த விழுகைக்கு இது முறியக் கூடாதே. எலும்பு இவ்வளவு மெலிஞ்சு கெடக்குது. என்ன சாப்பிடறா?”

இவர் சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தார். “பாலு ஆகாதுங்க சார். அதுக்கு ஈடா இதத்தானுங்க குடுக்கறோம்” என்று அந்தத் தாளைப் பணிவாக நீட்டினார்.

டாக்டர் படித்தார். முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பு போய்விட்டது.

“தேங்காய்ப் பாலையும் கெழங்கு மாவையும் கட்டி பண்ணினா சீஸ் ஆயிருமா? பால் சீஸ்ல தண்ணியெல்லாம் போயி, புரதமும் சுண்ணாம்புச் சத்தும் கெட்டியாத் தங்கும். இதுல என்ன தங்கும்? கொழுப்பும் மாவும். குழந்தை குண்டாத்தான் இருப்பா, எலும்புக்கு ஒண்ணும் சேராது. தேங்காய்ப் பாலுக்குச் சுண்ணாம்புச் சத்து இவ்வளவுன்னு எங்கிருந்து புடிச்சாங்க? புரதம்ங்கற வரியையே காணோம்!”

“எந்த வரிங்க சார் காணோம்ங்கறீங்க?” என்று இவர் கேட்டார்.

“புரதம். அதுதான் முக்கியமான வரி. யாரு இதை எழுதுனது?”

நான் அவருக்கு ஒரு முழ தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். தாளில் கல்லூரியின் பெயர் இருந்தது, என் பெயர் இல்லை. அவர் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. பாப்பாவின் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“ஏதோ கண்காட்சீல குடுத்தாங்க சார். ஆருன்னு தெரியலீங்க.”

அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். ‘நான்தான் டாக்டர், நான்தான் எழுதினேன்’ என்று அப்போது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. அவர் அப்படிச் சொன்னதும் எனக்குள் முதலில் வந்தது நிம்மதி. அப்பாடா என்று மூச்சு விட்டேன். குழந்தை வலியில் முனகிக்கொண்டிருக்கிறாள், நான் அப்பாடா என்கிறேன். இந்த வயதிலும் அந்த ‘அப்பாடா’ ஞாபகம் வந்தால் நடக்கிற இடத்தில் நின்றுவிடுகிறேன்.

கட்டுப் போட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் பாப்பா அவர் மடியில் தூங்கிவிட்டாள். பாதி வழி வரை அவர் அவளுடைய கட்டுப் போட்ட கையைத் தாங்கிப் பிடித்திருந்தார். பிறகு கேட்டார்:

“அந்த வரி பொஸ்தகத்துல இருந்துச்சுங்களா?”

அவர் எனக்கு ‘ங்க’ போட்டு நான் அதுவரை கேட்டதில்லை.

“இருந்துச்சுங்ணா.”

“பாத்தீங்களா?”

“பாத்தேனுங்ணா.”

“செரிங்க” என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குமேல் அவர் அதைப் பற்றி என்னிடமும் கேட்கவில்லை, ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை. சண்டை போட்டிருக்கலாம். எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று நாலு கேள்வி கேட்டிருக்கலாம். நான் அழுது தீர்த்திருப்பேன். அவர் அந்த வழியையும் எனக்குக் கொடுக்கவில்லை.

கோயமுத்தூருக்குப் போய் நூலகத்தில் உட்கார்ந்து மறுபடி அட்டவணை போட்டேன். இந்தத் தடவை சரியான வரி. புரதத்தை முதல் வரியாக வைத்தேன், சுண்ணாம்புச் சத்தை இரண்டாவதாக. பால் சீஸுக்கும் குற்றம் உண்டு, உப்பும் கொழுப்பும் அதிகம் என்று அதையும் எழுதினேன். ராகியிலும் எள்ளிலும் முட்டையிலும் பருப்பிலும் என்ன இருக்கிறது என்று பக்கத்தில் எழுதினேன். கொண்டுபோய் அவரிடம் நீட்டினேன். நின்றபடியே முழுதும் படித்தார்.

“நல்லா எழுதியிருக்கறீங்க” என்றார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

சீஸை அவர் அடியோடு நிறுத்தவில்லை. “ஞாயித்துக்கெழம நாக்குக்கு, மத்த நாளெல்லாம் எலும்புக்கு” என்று பாப்பாவிடம் சொல்லிவிட்டார். யுத்தம் மறுபடி தொடங்கியது. காலையில் களிக்கு அவள் போடும் கூச்சல் எங்கள் சமையலறைக்குக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் மூச்சு வரும். கை நேராகக் கூடியது. மார்கழியில் மட்டும் வலிக்கும் என்பாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, பழையபடி அக்கா அக்கா என்று வருவாள். அவரும் பஸ் ஸ்டாப்பில், “வாங்க அம்மணி, உக்காருங்க” என்று இடம் விடுவார். அந்த மரியாதை ஒவ்வொரு தடவையும் என்னை ஒரு சாண் தள்ளி உட்கார வைத்தது.

அடுத்த வருஷம் காங்கேயத்திலிருந்து எனக்கு ஒரு வரன் வந்தது. பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள், வழக்கப்படி விசாரிக்க மாப்பிள்ளையின் பெரியப்பாவை அனுப்பினார்கள். அவர் நேரே சந்தைக்குப் போய்ப் பக்கத்து வீட்டுத் தரகரைத்தான் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. “அந்தாளு மொதல்ல கோவக்காரின்னு சொல்லிப்போடுவாரே” என்று வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். நான் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். தரகர் எதைச் சொன்னாலும் தகும் என்று நினைத்துக்கொண்டேன். அந்தத் தாளைப் பற்றியே சொல்லட்டும், கல்யாணம் நின்றாலும் நிற்கட்டும் என்றுகூட ஒரு பக்கம் மனசு ஆசைப்பட்டது.

பெரியப்பா சாயங்காலம் சிரித்துக்கொண்டே வந்தார்.

“முடிச்சரலாமுங்க! ஊரே பயப்படற மனுசன், உங்க பொண்ணுக்கு ஒரு குத்தங்கூடச் சொல்லலீங்க. ‘நல்ல பொண்ணுங்க’ன்னு ஒரே வார்த்தை. அவ்வளவுதான்.”

அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். அம்மா சர்க்கரை எடுக்க ஓடினார். நான் கதவோரமாக நின்று கேட்டேன்:

“சொல்லிப்போட்டு என்னங்க பண்ணுனாரு?”

பெரியப்பாவுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

“என்ன பண்ணுனாரு… துண்டை எடுத்து ஒரு ஒதறு ஒதறி, இந்தத் தோள்லருந்து அந்தத் தோளுக்குப் போட்டுக்கிட்டுப் போயிட்டாருங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா என் வாயில் சர்க்கரையைப் போட்டார். ‘கோவக்காரிங்க’ என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டே அதை விழுங்கினேன்.